வெள்ளிக்கிழமை ரத்தம்

18.4.1994, திங்கள்
இவருடைய அம்பத்தூர் கம்பெனியில் முப்பத்தைந்து வயது தாண்டிய ஆட்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். இவருக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபது. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். மூன்று மாதம் வாயைக் கட்டு, குறையாவிட்டால் கிரேன் ஓட்ட விட மாட்டேன் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். இதைச் சொல்லிக்கொண்டே அரைக் கிலோ கறியை என் கையில் கொடுக்கிறார். "கடசியா ஒரு தபா ஆக்கிடு எல்லம்மா." இந்த மனிதரை என்ன செய்ய?

9.5.94
முட்டையில் வெள்ளையை இவர் தின்கிறார், மஞ்சளை என் தட்டில் தள்ளுகிறார். குழம்பில் எண்ணெய் இல்லை என்று என்மேல் எரிந்து விழுகிறார். சட்டைப் பையிலோ போண்டா சுற்றிய காகிதம்! "டீக்குத் தொட்டுக்கினேன், அது ஒரு தப்பா?" யாருக்கு வியாதி, யாருக்குப் பத்தியம்?

22.7.94, ஆடி முதல் வெள்ளி
இன்று மறுபரிசோதனை. பூந்தமல்லி லேபில் வேலை செய்யும் இவருடைய சேக்காளி கஜபதி வீட்டுக்கே வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. வெறும் வயிற்றோடு இருங்கள் என்று ராத்திரி படித்துப் படித்துச் சொன்னேன். கஜபதி வேலப்பன்சாவடியில் பஸ் இறங்கி நடந்து வந்து ஊசியை எடுக்கிறார், இவர் டீக்கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். நாலு பூரி!
கஜபதி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா மச்சான், இன்னிக்குத்தானே கடசி நாளு!"
இவர் என்னைப் பார்த்தார். மாங்காட்டு அம்மனுக்காக வெள்ளிக்கிழமையில் நான் சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. "இவ வெறும் வயிறுதான். ஈர்க்குச்சியாட்டம் கீறா, இவளுக்கு இன்னா இருக்கப்போவுது? எடு மாமே, எம் பேரப் போட்டுக்கோ."
வெட்கக்கேடு. முடியாது என்றேன். "கிரேன் பூடும்டீ" என்று கெஞ்சினார். கையை நீட்டித் தொலைத்தேன்.

27.7.94, புதன்
ரிப்போர்ட் நேராகக் கம்பெனிக்குப் போய்விட்டது. முந்நூற்றுப் பதினெட்டு. இவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.
வந்ததும் வராததுமாக, "இன்னாத்த துன்ன நீ? எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டியே!"
"நீ தள்ளுன மஞ்சக்கருவத்தான்யா துன்னேன்!" கத்திவிட்டேன்.
அது என் ரத்தம். அந்த முந்நூற்றுப் பதினெட்டு என் உடம்புக்குள் ஓடுகிறது. இந்த வீட்டில் ஒருத்தருக்காவது அது உறைத்ததா? தண்ணீர்க் குடம் தூக்கினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று போன மாதமே சொன்னேன். வாயு, பூண்டு தின்னு என்றார்.

28.7.94
பேச்சில்லை. சோறு மட்டும் போட்டேன்.

1.8.94, திங்கள்
டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். "அது என் ஊட்டுக்காரி ரத்தம் சார்." கிரேனுக்காகச் சொன்னாரா, எனக்காகவா? கேட்கவில்லை. கேட்டால் சண்டைதான் வரும். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, முதலில் அவளைக் கூட்டி வா என்றாராம்.

3.8.94, புதன்
கம்பெனி டாக்டர் எனக்கு நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார். அப்புறம், "உங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.
இல்லை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். முப்பத்தொன்பது வயது. காத்து அடிச்சிடுச்சு என்றார்கள், மந்திரித்தார்கள். எனக்கு இப்போது முப்பத்தெட்டு.
சிலருக்கு இது பரம்பரையாக வருமாம், ஒல்லியாக இருந்தாலும் வருமாம். மஞ்சள் கருவின்மேல் மட்டும் பழி போட முடியாதாம். ஆயுசுக்கும் மாத்திரை. உங்கள் பெண்ணுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார்.

29.8.94
எங்கள் பெண் தாட்சாயிணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு. பதினைந்து வயதுதான் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமாம். "நான் நல்லாத்தானம்மா கீறேன்" என்று சிரிக்கிறாள். வாயை மூடுடீ, சொன்னபடி கேள் என்று அதட்டினேன்.
அடுப்படிக்குள் போய் அழுதேன். இவளுக்குப் பதினைந்திலேயே தெரிந்துவிட்டது. எங்கம்மாவுக்கு யாரும் ஒரு ஊசி குத்திப் பார்க்கவில்லை.