கொட்டாவிக்குத் தடை

அக்கா,

பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து காதோரம் தாடை மூட்டு விண்விண் என்று வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடு, கஞ்சி குடி, கொட்டாவி மட்டும் விடாதே என்கிறார் பல் டாக்டர். இன்று மாலை தஞ்சோங் பகாரிலிருந்து மாணிக்கம் மாமா வருகிறார். கப்பலில் வந்த கதையை அவர் எடுத்தால் என் தாடை தாங்காது. ஆகவே மருத்துவ ஆலோசனைப்படி நூலகத்துக்குப் போகிறேன். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

நேற்று உன் முறுக்கை நான் தொடவில்லை என்று, "ரொம்பத் திமிர்லா உனக்கு!" என்றாய். திமிர் இல்லை, கடிக்க முடியவில்லை. இன்று நீ தேக்கா மார்க்கெட்டுக்குப் போனதும் தேநீரில் ஊறவைத்துத் தின்றேன். டின் காலி.

கஞ்சியைக் குழைய வை.

குமரேசன்

பி.கு.: மாமாவின் கப்பல் பினாங்கை நெருங்கும்போது எனக்கும் சேர்த்து ஒரு கொட்டாவி விட்டுவிடு.