தன்னைப் பார்த்தே டாட்டா

காக்ஸ் டவுன், பெங்களூர்.

க்ளெனின் அப்பாவுக்கு,

பிரிஜெட் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. போனில் பேசக் கூடாதா என்பீர்கள். நான் க்ளென் பேச்சை எடுத்ததும் மஸ்கட்டில் உங்களுக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. காகிதத்தைக் கட் பண்ண முடியாதே, அதனால்தான் இது.

அத்தைக்கு முட்டி வலி தேவலை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் க்ளெனுக்கு மறுபடியும் ஆட்டிசம் பரிசோதனை நடந்தது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. மூன்று வயதில் நடந்த முதல் பரிசோதனையையும் நான் மறக்கவில்லை. பரிசோதனை செய்த பெண் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "க்ளென், க்ளென்" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. பெருக்கல் குறி போட்டாள். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைம்மா என்றேன். "தெரியும் மேடம், ஆனா கேள்வில அப்படித்தான் இருக்கு" என்றாள். அடுத்த கேள்வி, எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று. சிரிப்பதா அழுவதா! கடைசியில் டாக்டர், இதெல்லாம் காது கேட்கும் குழந்தைகளுக்கான கேள்விகள், இவன் விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

தெரியாது என்றுதான் அவர் சொன்னார். நீங்களும் உங்கள் அம்மாவும் அதை இல்லை என்று ஆக்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து அவன் எது செய்தாலும் காதுதான் காரணம். நாளெல்லாம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாலும் காது, சட்டையை மாற்றினால் அலறினாலும் காது. நான் வாயைத் திறந்தால் போதும், "ஹோகலி பிடு, விட்டுத் தள்ளு, வளர்ந்தா சரியாயிடும்" என்று அத்தை கன்னடத்துக்குத் தாவிவிடுவார்கள். இப்போது அவனுக்கு ஐந்து வயது. வளர்ந்துதான் இருக்கிறான்.

இந்த முறை, காது கேட்காத குழந்தைகளுக்கென்றே மாற்றியமைத்த பரிசோதனை. இன்னும் சரிபார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். செய்தவர் சங்கமித்ரா. அவருக்கும் காது கேட்காது, சைகையில்தான் பேசுவார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தோளைத் தட்டினார், எதிரே கையை ஆட்டினார், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். அப்படிச் செய்தால் காது கேட்காத குழந்தை கூப்பிட்டவர் முகத்தைப் பார்க்கும். சனிக்கிழமை சைகை வகுப்பில் நானே பார்த்திருக்கிறேனே, சின்ன வாண்டுகள் எல்லாம் டீச்சர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காது. நம் பிள்ளை தட்டிய விரலைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சரியான பரிசோதனை வந்தால் பாஸாகிவிடுவான் என்று ஜெபம் பண்ணிக்கொண்டு போன முட்டாள் நான். இந்த முறை நியாயமாகவே ஃபெயிலாக்கி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் அந்த டாட்டா. உள்ளங்கையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு ஆட்டுவானே, "எம்புள்ள தனக்குத்தானே டாட்டா சொல்லிக்கிறான்" என்று சிரிப்புப் பொம்மை போட்டு ஸ்டேட்டஸ் வைத்தீர்களே, அதே டாட்டா. சங்கமித்ரா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கூட இருந்த டாக்டர்தான் எனக்கு விளக்கினார். நாம் ஆட்டும்போது அவன் கண்ணுக்கு நம் உள்ளங்கை தெரிகிறது. அதனால் அவன் ஆட்டும்போதும் தன் கண்ணுக்கு உள்ளங்கையே தெரியும்படி பிடிக்கிறான். எதிரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. காது கேட்காத ஆட்டிசக் குழந்தைகள் சிலரிடம் இது உண்டாம். ஊரே பார்த்துச் சிரித்த அந்த வீடியோவைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

காது கேட்காதோர் பள்ளியில் ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஆனால் தாய் தகப்பன் இரண்டு பேரும் சைகை கற்க வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்கு வருவீர்கள், வகுப்புக்குக் கையோடு கூட்டிப்போகலாம் என்று இருந்தேன். லீவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களாமே! அதுவும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பிள்ளைக்குக் காது கேட்காது, உங்களுக்கு என்ன வந்தது?

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது, புறங்கை அவனுக்குத் தெரியும்படி என் கையைத் திருப்பி ஆட்டிப் பார்த்தேன். அவனும் தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டே ஆட்டினான். அவன் உள்ளங்கை என் பக்கம் இருந்தது. என் பிள்ளை முதல் தடவையாக எனக்கு டாட்டா காட்டினான். பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் அழுதுகொண்டே போனேன். இது வைத்தியம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது நீங்களும் அப்படியே ஆட்டுங்கள். அவனாகத் திருப்ப மாட்டான், நாம்தான் திருப்ப வேண்டும். கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். கையைத் திருப்பவாவது மனசு கொடுக்கட்டும். டிக்கெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
க்ளெனின் அம்மா
பிரிஜெட்