நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி

நவம்பர் 3, திங்கள்

எதிர் டவர் தெரியவில்லை. புகை. தொண்டையில் மிளகாய்ப்பொடி தூவினாற்போல் எரிச்சல். வாக்கிங் ரத்து.

வாங்க: மாஸ்க், இருமல் மருந்து. கீசர்காரனுக்கு போன். அவன் ‘கல் பக்கா’, நாளைக்கு நிச்சயம், என்று சொல்லி ஒன்பது நாள்.

மெட்ரோவில் நின்றுகொண்டே போனில் தூண்டில்காரர்கள் குழுவைத் திறந்தேன். தூத்துக்குடி மிக்கேல் ஒரு போட்டோ போட்டிருக்கிறார். மூன்று வாரமாக ஆளைக் காணோமே என்று நினைத்திருந்தேன். போட்டோவில் அவருடைய வலது கை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குறுக்கே தடித்த தழும்பு.

‘தையல் பிரிச்சாச்சு. ரெண்டு விரலும் மடங்க மாட்டேங்கு. பெரிய பாரை மீனு அண்ணாச்சி, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரீல் இறுகிட்டு. நூலைக் கையில சுத்திப் பிடிச்சேன், அறுத்துட்டு. என் தப்புதான். நல்ல தண்ணில கழுவாம வச்சிருப்பேன். டெல்லி அண்ணாச்சி தப்பா நினைக்காதிய.’

டெல்லி அண்ணாச்சி என்பது நான்தான். தப்பா நினைக்காதிய! யார் யாரைப் பார்த்துச் சொல்வது.

கீழே முப்பது பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். சீ.

நவம்பர் 4, செவ்வாய்

ஆபீசில் வேலை இல்லை. மந்திரி வருகை என்று பாதிப் பேர் வராந்தாவில். எனவே இதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு இந்த டைரி டிராயரில், பூட்டு.

1. நான் கொள்முதல் பிரிவு. இருபத்தாறு வருஷமாக ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிறேன். நாற்காலி, ஜெனரேட்டர், பினாயில், எதுவானாலும். கட்டம் போட்டு, யார் சொன்னது எது, யார் எல்-1, அதாவது முதலிடம். பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. கேட்லாக் போதும்.

2. நாலு வருஷம் முன்பு ஏதோ பயிற்சி நிலையத்துக்குத் தூண்டில் ராடும் நூல் சுற்றும் ரீலும் கேட்டு ஃபைல் வந்தது. கேட்லாக் படித்தேன். படித்துக்கொண்டே போனேன். என்ன மாயமோ, அந்தக் குட்டி இயந்திரத்தின் மேல் ஒரு பைத்தியம். ஃபைல் மூடிய பிறகும் விடவில்லை.

3. பட்டியலைத் தமிழில் மாற்றி இந்தத் தூண்டில் குழுவில் போட்டேன். கொண்டாடிவிட்டார்கள். ஆபீசில் என் பட்டியலை இதுவரை எவனும் படித்ததில்லை. கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்பான். இங்கே ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர் போன் செய்து, ‘ஏழாவது கட்டத்துல எடை தப்பா போட்டிருக்கீங்களே’ என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

4. நான் சைவப் பிள்ளை. திருநெல்வேலி. வீட்டில் முட்டை கூட நுழையாது. மீன் பிடித்ததில்லை. ராடைத் தொட்டதில்லை. ரீலைத் தொட்டதில்லை.

நாலாவதை எழுதியதும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஐம்பத்து மூன்று வயதுக்காரனுக்கு.

நவம்பர் 5, புதன்

தொடர்ச்சி. போன வருஷம் நீலப் பெட்டியா சிவப்புப் பெட்டியா என்று குழுவில் பெரிய சண்டை. ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலை ரீல். நீலத்தில் பேரிங் பன்னிரண்டு, சிவப்பில் ஐந்து. பன்னிரண்டு பெரிதா ஐந்து பெரிதா? நீலம் எல்-1 என்று தீர்ப்பு எழுதினேன்.

கடலூரில் ரீல் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘சிவப்புல அஞ்சும் ரப்பர் போட்டு மூடினது சார். நீலத்துல பன்னெண்டும் திறந்து கிடக்கு. உப்புத்தண்ணி பூந்தா பன்னெண்டும் துரு. நீங்க கையில வச்சுப் பாத்தீங்களா?’

எனக்கு வந்ததே கோபம். எழுதினேன்: ‘ரெண்டையும் மூன்று மாதம் யமுனையில் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.’

யமுனையில்! ஓக்லா பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை மிதக்கும். அங்கே தூண்டில் போட்டால் செருப்புதான் வரும். அது தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியாதே. மெக்கானிக்கை எல்லாருமாகச் சேர்ந்து கிண்டல் பண்ணினார்கள். மனுஷன் குழுவை விட்டே போய்விட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பட்டியலைக் குழுவின் உச்சியில் ஆணி அடித்து வைத்தார்கள். இன்றும் இருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் மிக்கேல் நீலம் வாங்கினார்.

மாலை: நாகப்பட்டினம் குமார் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான், ‘அண்ணே, அப்பாவுக்கு நீலப் பெட்டி எடுக்கலாம்னு இருக்கேன். எடுத்துரவா?’ பதில் எழுதவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்பான். நாளைக்குப் பார்ப்போம்.

நவம்பர் 6, வியாழன்

கீசர்காரன் வந்தான். பார்த்தான். ‘பார்ட் வேணும் சாப்’ என்றான். போனான்.

மதியம் மிக்கேல் போன். மகளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம், ஹாஸ்டலில் விட ஞாயிற்றுக்கிழமை டெல்லி வருகிறாராம்.

“ஒரு நேரம் உங்க கூட யமுனைல போட்டுப் பாத்துரணும் அண்ணாச்சி. ராடு கொண்டாறேன். இடது கையால சுத்தப் பழகிட்டேன், கேட்டியளா.”

“நான் ஊர்ல இல்லையே மிக்கேல். ஆபீஸ் வேலையா போபால்.”

“அடடா. எப்ப வருவிய?”

“பத்து நாளாகும்.”

எவ்வளவு சுளுவாக வருகிறது வாயில்! போனை வைத்துவிட்டு பாத்ரூம் போய் முகம் கழுவினேன். பக்கத்து சீட் திவாரி, “தபியத் டீக் ஹை?” என்றான். உடம்புக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது.

குமாருக்கு இன்றும் பதில் போடவில்லை.

நவம்பர் 8, சனி

லாண்டரி. கிட்வாய் நகர் மார்க்கெட்டில் முருங்கைக்காய், நல்ல காய். என் மனைவி விஜி மலை மந்திர் கோயிலுக்குப் போய் வந்தாள்.

திடீரென்று ஞாபகம் வந்தது. மிக்கேலிடம் என் விலாசம் இருக்கிறது. போன தீபாவளிக்கு மக்ரூன் அனுப்பினாரே! அதில் முட்டை வெள்ளைக்கரு. பிரிக்காமல் கீழே வாட்ச்மேன் ராம்பாலிடம் கொடுத்தோம். மிக்கேலுக்கு, ‘வீட்டில் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டோம்’ என்று எழுதினேன்.

விஜியிடம் மொட்டையாகச் சொல்லி வைத்தேன்: “யாராவது தேடி வந்தா போபால் போயிருக்கேன்னு சொல்லு.”

“கடன் கிடன் வாங்கியிருக்கியளா?”

“இல்லட்டீ.”

“பின்ன எதுக்கு ஒளியுதிய?”

முருங்கைக்காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தேன். அவளும் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வந்துவிட்டார். காலை பதினொன்றரை. மகளும் கூட.

நான் படுக்கை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிக் குவியலுக்கு நடுவில். இருமல் வேறு. தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாலில் பேசியது அத்தனையும் கேட்டது.

“மைனி, அண்ணாச்சி ஊர்ல இல்லைன்னு தெரியும். வாசலோட பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். எங்க குழுவுக்கே அவிய சொல்லுததுதான் சட்டம்.”

“என்ன குழு?”

“மீன் பிடிக்கிற குழு மைனி. அண்ணாச்சி யமுனைல பிடிக்கிற மீனையெல்லாம் நீங்க எப்படி வைப்பிய, குழம்பா, பொரியலா?”

விஜி சிரித்துவிட்டாள். “மீனா! நாங்க சைவம்லா. அவிய மீன் கடை வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போவாவ.”

அப்புறம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்தது. ஒன்றுதான், ஆனால் வந்துவிட்டது.

“மேல் வீட்டுக்காரவ” என்றாள் விஜி. “டெல்லில எல்லாருக்கும் இருமல்தான்.”

“ஆமா மைனி. புகையா இருக்குல்லா” என்றார் மிக்கேல்.

விஜி அந்தப் பெண்ணுக்குக் குங்குமமும் ஆப்பிளும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சாப்பிட வா என்று சொல்லி அனுப்பினாள். வெளியே வந்தேன். மேஜையில் ரெண்டு பெட்டி. ஒன்று மக்ரூன். இன்னொன்று நீலம்.

“அண்ணாச்சி வந்ததும் திறந்து பாத்து என்ன கோளாறுன்னு சொல்லச் சொன்னாவ” என்றாள் விஜி. பிறகு, “அந்த ஆளுக்கு டம்ளரைப் பிடிக்க முடியல. ரெண்டு விரல் குச்சி மாதிரி நிக்கு. நீங்க என்ன செஞ்சிய அவரை?”

சொன்னேன். முழுக்க. நின்றுகொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

பெட்டியைத் திறந்தேன். முதன்முதலாக ஒரு ரீல் என் கையில். நினைத்ததைவிடக் கனம். கைப்பிடியைச் சுற்றினேன், அசையவில்லை. உள்ளேயிருந்து பழுப்பாக ஒரு பொடி உள்ளங்கையில் உதிர்ந்தது. மீன் வாடை. நான் மூக்கைப் பொத்தவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இறங்கும்போது லிஃப்ட் வாசலில் ராம்பால், வாயெல்லாம் பல். “சாப், நேத்து ஒரு மதராசி ஆத்மி வந்தாரே, சாப் இருக்காரான்னு கேட்டார். மேலேதான் இருக்கார், ஜாயியே, போங்கன்னு அனுப்பினேன். இந்தத் தடவையும் அந்த மிட்டாய் வந்திருக்கா?”

அதாவது மிக்கேலுக்கு மேலே வரும்போதே தெரியும். இருமல் யாருடையது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்து, ‘புகையா இருக்குல்லா’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மெட்ரோவில் ஐ.என்.ஏ. முதல் உத்யோக் பவன் வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதோடு விட்டதா? குழுவில் அவருடைய குரல் பதிவு: “மக்கா, டெல்லி அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மனுசன். ரெண்டு ரீலையும் எடுத்துக் காட்டுனாவ. யமுனையும் பாத்தாச்சு. எல்லாம் நேர்தான்.”

கழிப்பறையில் வைத்து மூன்று தடவை கேட்டேன். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். விரலையும் கொடுத்துவிட்டு, பொய்யையும் தன் தலையில் தூக்கிக்கொண்டு. அடித்திருந்தால் கூட இப்படி வலித்திருக்காது.

இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவரும் பொய்யர். நல்ல சாக்கு கிடைத்தது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மிக்கேலுக்கு போன். ரயிலில் இருந்தார், நாக்பூர் தாண்டி. மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்வதற்குள் லைன் ரெண்டு தடவை அறுந்தது. மூன்றாம் தடவை சொன்னேன்.

“விடுங்க அண்ணாச்சி.”

“குழுவில சொல்லப்போறேன். ஆனா நீங்க சொன்னதும் பொய்யாயிருமே.”

“என் பொய்யை நான் பாத்துக்கிடுதேன். உங்களுத நீங்க பாருங்க” என்றார். குரலில் கோபம் இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

குழுவுக்கு எழுதினேன், அழித்தேன். ‘சில தகவல் பிழைகள்’ என்று ஆரம்பித்தது முதல் வரைவு. ஃபைல் புத்தி போகுமா? அழித்தேன்.

நவம்பர் 12, புதன்

8.50. ஐ.என்.ஏ. பிளாட்பாரம். ரெண்டு வண்டியை விட்டுவிட்டு நின்றபடியே போட்டேன்:

‘நான் சைவம். ஒரு மீன் கூடப் பிடித்தவன் இல்லை. யமுனையில் சோதித்தேன் என்றது பொய். ரெண்டு ரீலையும் தொட்டுக்கூடப் பார்க்காமல்தான் தீர்ப்பு எழுதினேன். கடலூர் மெக்கானிக் சொன்னதுதான் சரி. உப்புத்தண்ணிக்கு நீலப் பெட்டி வாங்காதீர்கள். மிக்கேல் விரல் போனதற்குக் காரணம் நான்.’

9.04. மிக்கேல்: ‘ஆமா. நான் சொன்னதும் பொய்தான்.’

9.30. பட்டியலை உச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாலு பேர் குழுவை விட்டுப் போனார்கள்.

அப்போதுதான் குமார் ஞாபகம். ஒரு வாரமாகப் பதில் போடாத குமார். தனியாக எழுதிக் கேட்டேன், நீலம் வாங்கிவிட்டாயா?

11.15. குமார்: ‘நேத்தே வந்துட்டுண்ணே. நீங்க பிஸின்னு பட்டியலைப் பாத்து போட்டுட்டேன். அப்பா காலையில அலைத்தடுப்புக் கல்லுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. போன் கொண்டு போகல.’

புது ரீல் முதல் நாளே இறுகாது. தெரியும். ஆனாலும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. 1.00. 2.20. 3.40. ‘அப்பா வந்தாச்சா’ என்று மூன்று தடவை கேட்டாயிற்று. பையன் என்ன நினைப்பான்.

5.35. குமார்: ‘வந்துட்டாங்கண்ணே. ஒண்ணும் கடிக்கல. ஆனா ரீல் வெண்ணெய் மாதிரி ஓடுதாம். உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க.’

குழுவைப் படிக்கவே இல்லை அவன். எழுதினால் இதையும் படிக்காமல் விடுவான். மாடிப்படிக்குப் போய் போன் செய்தேன். அவன் அப்பா எடுத்தார். “டெல்லித் தம்பியா? நல்லா இருக்கீங்களா?” என்றார்.

முழுக்கச் சொன்னேன். மிக்கேல் விரல் வரைக்கும். திருப்பி அனுப்புங்கள், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன் என்றேன். கடைசியில் பெரியவர் கேட்டார்:

“அப்ப எதுக்குத் தம்பி சொன்னீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நான் சொன்னா எல்லாரும் காது கொடுத்துக் கேட்டாங்கய்யா. அதான் சொல்லிட்டேன்” என்றேன்.