சிமெண்ட் ஷீட் வீட்டுக்கு ஒரு ஹீட்டர்

டிசம்பர் 18, வியாழன்

ஏழரை மணிக்கும் பனி விலகவில்லை. எதிர்த்த ரோஜாத் தோட்டமே தெரியவில்லை. தளியில் டிசம்பர் என்றால் இப்படித்தான், தெரியாதவன் போல ஏன் எழுதுகிறேன்.

பாப்பா வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள். எட்டாம் மாதம் தொடங்கியதுமே பிறந்துவிட்டவள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாறு நாள். எடை 1.8 கிலோ. டிஸ்சார்ஜ் சீட்டில் நர்ஸ் கோடு போட்டு எழுதியது: அறை 26 டிகிரிக்குக் குறையக் கூடாது.

காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர்: 14.

ஓசூர் ஆலையில் நான் ஃபர்னஸ் ஆபரேட்டர். ஷிப்ட் முழுக்கத் தொள்ளாயிரம் டிகிரியை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைப்பவன். வீட்டில் பத்துக்குப் பத்து அறையைச் சூடாக்க வக்கில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மஞ்சு மெல்லச் சொன்னாள், "எங்கம்மா ஊட்டுல இந்நேரம் போர்வையே வேணாங்க." காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவள் தாய்வீடு பாரூர். கீழ்நாடு, குளிர் கிடையாது. கான்கிரீட் வீடு. வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தார். தலைப்பிரசவம், முறைதான். ஆனால் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார், "சிமெண்ட் ஷீட்டுக்கடியில எந்தங்கச்சி நடுங்கிக் கெடக்கணுமா மாப்ள?" எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அனுப்ப முடியாது, என் பெண்டாட்டியை எனக்குப் பார்க்கத் தெரியும் என்று கத்தினேன். பாரூர்க்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். அன்றோடு அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. பாப்பாவைப் பார்க்க மாமியார் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து போனார்.

ஹீட்டர் வாங்கிவிடுவது. நாளைக்கே.

டிசம்பர் 19, வெள்ளி

அரை நாள் லீவு. ஓசூர் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.

- சிவப்புக் கம்பி ஹீட்டர்: துணி பட்டால் தீ. எங்கள் அறையில் கொடி முழுக்கப் பாப்பா துணி. வேண்டாம்.
- காற்று ஊதுவது: சத்தம். மூக்கு வறளுமாம்.
- எண்ணெய் ஹீட்டர்: மெதுவாக ஏறும், அணைத்தாலும் சூடு நிற்கும். 2000 வாட். இதுதான்.

கடைக்காரர்: "ஊட்ல பதினஞ்சு ஆம்ப்ஸ் ப்ளக் இருக்குதுங்களா? எர்த்து போட்டிருக்குதா?"

எல்லாம் இருக்கிறது என்றேன். எர்த் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. ஃபர்னஸ் ஆபரேட்டர் என்று பீற்றிக்கொண்ட பிறகு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

தளி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "தண்ணி பில்டருங்களா?" ஆமாம் என்றேன்.

மாட்டிப் பத்து நிமிஷம். ஸ்விட்ச் போர்டு சுட்டது. கருகல் வாசனை. ஃபியூஸ் போயிற்று.

பாப்பா இரண்டு கம்பளிக்குள். மூக்கு மட்டும் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

எலக்ட்ரீசியன் கோபாலப்பா வந்தார். போர்டைக் கழற்றியதுமே தலையை ஆட்டினார்.

"ஆகல்ல சார், ஆகல்ல. உங்கப்பா காலத்து வயரு. டீவியும் ரெண்டு பல்பும் தாங்கும், அவ்ளோதான்."

அவர் சொன்ன வேலைகள்: மீட்டரிலிருந்து தனியாகத் தடி வயர். தனி பிரேக்கர். எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட வேண்டும். லோடு ஏற்றித் தரச் சொல்லி கரண்ட் ஆபீஸில் மனு. ஒரு வாரம் ஆகுமாம். பாப்பாவின் வயசில் மூன்றில் ஒரு பங்கு அது.

போகும்போது அண்ணாந்து பார்த்தார். "மொதல்ல மேல பாருங்க சார். செவுத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல கை போவுது. ஹீட்டரு போட்டா கூரை மேல காக்காதான் குளிர் காயும்."

ஃபர்னஸ் சுவரில் முக்கால் அடிக்குச் செங்கல் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். எத்தனை வாட் என்று கேட்கத் தெரிந்த எனக்கு, சூடு எங்கே நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம் வரை ஏணியில். சந்தில் கோணிப்பை, பழைய புடவை, என் கல்யாண வேட்டி.

பக்கத்து வீட்டு பசம்மா: "கரி கணப்பு வெச்சு கதவ சாத்துப்பா. எம்புள்ளைங்க அப்பிடித்தான் வளந்துச்சுங்க." மூடின அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும். ஒத்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு போனாள்.

காலை 14. மாலை 17. கோணிப்பைக்கு இவ்வளவுதான் முடியும்.

டிசம்பர் 21, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் கிணற்று மோட்டார் ரூம். விவசாயக் கனெக்‌ஷன், தடித்த வயர், எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். எங்கள் பக்கம் மோட்டாருக்கு முறை வைத்துத்தான் கரண்ட் விடுகிறார்கள். இப்போது ராத்திரி முறை. நமக்கும் ராத்திரிதானே வேண்டும்.

கோபாலப்பாவுக்குப் போன். "அதுல ஊட்டுக்கு எடுக்கக் கூடாது சார். புடிச்சா கேஸு. என்ன கூப்புடாதீங்க."

நானே இழுத்தேன். கொய்யா மரத்தில் கட்டி, ஜன்னல் வழியாக. ஆலையில் எவனாவது இப்படிச் செய்தால் மெமோ கொடுக்கச் சொல்லும் முதல் ஆள் நான்.

எட்டு மணிக்கு 20. ஒன்பதரைக்கு 24! பாப்பா நன்றாகப் பால் குடித்தாள். கம்பளியை விலக்கி, அவள் விரல்களை முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன்.

மஞ்சு, "உங்கப்பா கெட்டிக்காரருடி" என்றாள். உடனே மச்சான் முகம் நினைவுக்கு வந்தது. வந்து பாரும் ஐயா என் ஷீட் வீட்டை என்று தோன்றியது. சின்னப் புத்தி.

டிசம்பர் 22, திங்கள்

வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பிறந்ததும் முறை மாறும். ராத்திரி முறை பகலுக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து இந்த முறையைப் பார்த்துத் தண்ணீர் கட்டியவன் நான். மறந்துவிட்டேன். தோட்டத்துக்கு மறக்க மாட்டேன், பாப்பாவுக்கு மறந்துவிட்டேன். ஹீட்டர் சத்தமே இல்லாமல் நின்றிருக்கிறது. அறை சூடாக இருக்கிறதென்று கம்பளி ஒன்றை வேறு எடுத்துவிட்டிருந்தோம். நாலு நாளாகத் தூங்காத இரண்டு பேரும் செத்த மாதிரித் தூங்கியிருக்கிறோம்.

விடியற்காலை மஞ்சு அலறல். "ஏங்க, பாப்பா பால் புடிக்க மாட்டேங்குதுங்க." அழவும் இல்லை. உள்ளங்கால் ஐஸ். தெர்மாமீட்டர் 15.

பால் வேனை மறித்து ஏறினோம். வழி முழுக்க மஞ்சு அவளைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தாள். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கரண்ட் எப்ப போச்சு?" தெரியாது. "மிஷினை நம்பி ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?"

விளக்குச் சூட்டில் வைத்து இரண்டு மணி நேரம். அப்புறம் அழுதாள். பூனைக்குட்டிக் குரல். நான் வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

நர்ஸ் மறுபடி வந்தார். "இன்னொரு ராத்திரி அந்த ஊடு வேணாம். சூடான ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா?"

மஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். என்னை நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மெயினை இறக்கிவிட்டு அந்த வயரை அறுத்தெடுத்தேன். மஞ்சுவும் பாப்பாவும் அங்கேயேதான்.

டிசம்பர் 23, செவ்வாய்

பனி. ஆஸ்பத்திரி வராந்தா. பாப்பா தேறிவிட்டாள், காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அம்மா நெஞ்சோடு வைத்தே கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாரூருக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை நானே கட் செய்தேன். மூன்றாம் தடவை எடுத்துவிட்டார்.

"மச்சான், எங்க ஊடு பாப்பாவுக்கு ஆவாது. நீங்க அன்னிக்குச் சொன்னது சரி. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"பாப்பா இப்ப எப்பிடி இருக்குது?"

"பால் குடிக்குது."

"மூணு மணி நேரத்துல வந்துடறன். நீங்களும் எதையாச்சும் சாப்புடுங்க மாப்ள."

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கொடியில் ஒன்றும் இல்லை. பீரோவில் மஞ்சு புடவை இருக்கும் தட்டு காலி. கட்டிலுக்கடியில் அவள் பை. திறந்தால் பாப்பா சட்டை, குல்லா, துண்டு, அவள் புடவை நாலு, எல்லாம் மடித்து அடுக்கி.

அவளுக்குப் போன் செய்தேன். "பைய எப்ப கட்டுன?"

"பாப்பா பொறந்த ஆஸ்பத்திரியில, எங்கம்மா ஊட்டுக்குன்னு கட்டுனதுங்க. வேணுங்கறத எடுத்துக்கிட்டு மறுபடி அதுலயே வெச்சிடுவன். பிரிக்கவே இல்லீங்க."