லைட்டு மேல் வைத்த பொட்டு

அடி அண்ணாமலை,
மலையில் தீபம் ஏற்றி நான்காம் நாள்.

அன்பு மகள் எழிலரசிக்கு,

அப்பா ராமதாஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி மாறனும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் இந்த வருஷம் என்னால் தலையைத் தூக்கி மலையைப் பார்க்க முடியவில்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன். அம்மா இறந்த வருஷம் என்பதால் வீட்டில் அகல் ஏற்றவில்லை. மாறன் வழக்கம்போல் வேங்கிக்கால் ஆபீசுக்குப் போய் வருகிறான், சோறு வடிக்கப் பழகிவிட்டான், குழம்புதான் வாயில் வைக்க முடியவில்லை. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், கிடாரி. அம்மா கை படாமல் கறக்க விடமாட்டேன் என்கிறாள், நேற்றுகூட என் முழங்காலில் ஒன்று விட்டாள். உதைக்கட்டும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பத்து நாளாகச் சொல்லிப் பார்த்தேன், உன் சைக்கிள் லைட்டு மேல் வைத்த பொட்டைத் துடைத்துவிடு என்று. நீ சிரித்துக்கொண்டே, "இல்லப்பா, அது அம்மா வீடியோவுல பார்த்துக்கிட்டே இருக்கச்சொல்லோ வச்ச பொட்டு, அதுவா போற வரைக்கும் இருக்கட்டும்"னு சொன்னாய். ஏன் துடைக்கச் சொல்றேன்னு கேட்டாய், நான் சும்மாதான் என்றேன். சும்மா இல்லை எழில். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதுதான் விஷயம்.

நீ அனுப்பிய லைட்டு இரண்டும் வந்த அன்று அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, அவளே தன் சைக்கிள் ஹேண்டில்பாரிலும் சீட்டுக்குக் கீழும் மாட்டி, கெஸ்ட் ஹவுஸ் சமையல் முடிந்து ரமணாசிரமத்துப் பக்கமிருந்து வரும்போது தெருவே அவளைப் பார்த்ததாம். அப்புறம் ஆயுத பூஜை வந்தது. சைக்கிளைக் கழுவி நிறுத்தினேன். ஹேண்டில்பார், செயின் கவர், மணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அந்தப் பின் லைட்டு, அதன் மேலும் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். மட்கார்டில் இருந்த பழைய ரிஃப்ளெக்டரையும் விடவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, "லைட்டு மேல வேணாங்க, ஓரமா வைங்க"னு சொன்னாள். சாமிக்கு வைக்கிறதுல ஓரம் என்னாடி ஓரம் என்று அதட்டினேன். அதே மூச்சில் உனக்குப் போன் போட்டு, நீயும் லைட்டுக்கு வை, நல்லா பட்டையா வை என்று நின்று வைக்க வைத்தவனும் நான்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் ஈரத்துணி எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் போனாள். அவளுடைய பழைய மஞ்சள் நைட்டியில் கிழித்த துணி. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, பூஜை போட்டதைத் துடைக்கிறியா, தானா உதிரட்டும், உனக்கென்ன அவ்வளவு அவசரம் என்று அதைப் பிடுங்கி ஜன்னல் கம்பி மேல் எறிந்தேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு வாய் ஜாஸ்தி, புத்தி கம்மி, இது உனக்குத் தெரியாததா.

பூஜை முடிந்து பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன நடந்தது என்பதை நீ அறிவாய். தூறல், தெருவிளக்கு இல்லை, பின்னாலிருந்து லோடு வேன். உனக்குத் தெரியாதது மிச்சம். வேன் ஓட்டிய சின்னசாமி ஓடிப்போகவில்லை. அவன்தான் அவளைத் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவன். என்னைப் பார்த்ததும் காலில் விழுந்து, "சத்தியமா லைட்டு தெரியலண்ணா, கிட்ட வந்தப்புறம்தான் பார்த்தேண்ணா"னு திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். என் பொண்ணு வெளிநாட்டுலேருந்து அனுப்பின லைட்டுடா, எரிஞ்சுகிட்டுதாண்டா இருந்துச்சு என்று ஆஸ்பத்திரி வாசலே அதிரக் கத்தினேன். போலீசுக்கும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், விளக்கு நன்றாக எரிந்தது, அவன் குருட்டுத்தனமாக ஓட்டினான் என்று. பதினாறாம் நாளுக்கு நீ வந்திருந்தபோதும் அதைத்தான் சொன்னேன். நீயும் அவனைச் சபித்துவிட்டுத்தான் விமானம் ஏறினாய்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வாரம் ஸ்டேஷனில் சைக்கிளைக் கொடுத்தார்கள். பின் சக்கரம் போயிருந்தது, லைட்டு மட்டும் அப்படியே இருந்தது, சந்தனமும் அப்படியே இருந்தது, மழைக்குக்கூட அது கரையவில்லை. சார்ஜ் போட்டேன், எரிந்தது. பார்த்தியா, எரியுது பார் என்று யாரிடமோ சண்டை போடுவது மாதிரி நானே சொல்லிக்கொண்டேன். இருட்டியதும் தெருவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பின்னால் நடந்து பார்த்தேன். இருபது அடியில் ஏதோ பீடிக் கங்கு மாதிரி தெரிந்தது. முப்பது அடியில் ஒன்றுமே இல்லை எழில். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், ஒன்றுமே இல்லை. திரும்ப வந்து எச்சிலைத் தொட்டுச் சட்டை நுனியால் அந்தப் பொட்டைத் துடைத்தேன். வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பாக அடித்தது. மறுபடி நடந்தேன். வேதா அக்கா கடை தாண்டியும் தெரிந்தது, அதற்கப்புறம் பம்ப் செட் வளைவு வரைக்கும் தெரிந்தது. வேதா அக்கா கடையை விட்டு இறங்கி வந்து, "இன்னாப்பா, நடுத்தெருவுல உட்கார்ந்துகினு அழுவுற"னு கேட்டாள்.

சின்னசாமி பொய் சொல்லவில்லை. நேற்று முன்தினம் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து சின்னசாமி வீட்டுக்கும் போனேன். அவன் பெண்டாட்டி என்னை உள்ளே வா என்று கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. லைசென்சைப் பிடுங்கிவிட்டதால் அவன் வீட்டோடு கிடக்கிறான். வாசலில் நின்றே சொன்னேன். அதற்கு அவன், "நானும் கொஞ்சம் வேகமாத்தாண்ணா வந்தேன், மழைன்னு தெரிஞ்சும் வந்தேன்"னு சொன்னான். அன்று ராத்திரி மாறனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு எழுந்து போனான், இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயும் பேசாமல் இருந்தால் கேட்க எனக்கு வாய் கிடையாது. நாலு நாளாக ஊரெல்லாம் மேலே கைகாட்டி, அதோ தெரியுது, அங்கேருந்தும் தெரியுது என்கிறார்கள். எத்தனையோ ஊருக்குத் தெரிகிற தீபம் அது. முப்பது அடிக்குத் தெரிய வேண்டியதை நான் மறைத்தேன்.

இனி நான் சொல்வதைக் கோபத்தோடாவது கேள். அங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய், லேபிலிருந்து தினமும் இருட்டில்தான் வருகிறாய். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் கலையரசனிடம் போய்ப் பாடம் கேட்பதுபோல் கேட்டேன். பின்னால் ஒரு லைட்டு போதாதாம், இரண்டு வை என்றான். விட்டுவிட்டு எரிவது மட்டும் இருந்தால் கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று வண்டிக்காரனுக்குப் பிடிபடாது, அதனால் ஒன்று நிலையாக எரியட்டும். உன் நீளக் கோட்டும் முதுகுப் பையும் அதை மூடுகிறதா என்று ஆளை விட்டுப் பார்க்கச் சொல், சீட்டில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாது. முன் லைட்டை ரோட்டைப் பார்த்துச் சாய்த்து வை, எதிரில் வருகிறவன் கண்ணில் அடித்தால் அவன் தடுமாறி உன் மேலேயே வருவான். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருந்தால் அது ஏறி இறங்குவதைப் பார்த்தே மனுஷன் மிதிக்கிறான் என்று தெரிந்துவிடுமாம். பச்சை, நீலம் என்று அழகுக்கு விற்பதெல்லாம் வாங்காதே. எந்த லைட்டு வாங்கினாலும் கடையிலேயே நம்பிவிடாமல் இருட்டில் நிறுத்தி நூறு அடி பின்னால் போய் நின்று பார். பளிச்சென்று தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சைக்கிளைத் தொடாதே, பஸ்ஸில் போ.

அந்தப் பொட்டில் அம்மா இருக்கிறாள் என்று நினைக்கிறாய், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதை வைக்கச் சொன்னது நான். அவள் துணி எடுத்துக்கொண்டு வந்தவள், நான் பிடுங்கி எறிந்தேன். நேற்று ஜன்னலைத் துடைக்கப் போனபோது கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் அந்த மஞ்சள் துணி காய்ந்து கிடந்தது, எறிந்த இடத்திலேயே. அதை மடித்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நனைத்துப் பிழிந்து, அதனாலேயே துடை.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் தாயே, வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு போ. துடைத்தபின் இருட்டில் பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து மாறனுக்காவது அனுப்பு, அவன் காட்டுவான்.

உன் அம்மா பேச்சைக் கேட்காத
அப்பா
ராமதாஸ்