சம்பந்திக்கு அரைக் கிண்ணம்

என் வீட்டு மகாராணிக்கு,

பிஷ்கெக் நகரத்து மூன்றாம் மாடியில் சிறைப்பட்ட சக்கரவர்த்தி எழுதுவது. ஒரு வாரத்துக்கென்று மலையூர் நாரினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாய். தொற்று வந்து சாலையை அடைத்துவிட்டார்கள். கிழவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாதாம். பக்கத்து வீட்டு நூர்ஜமால்தான் ரொட்டியும் மாத்திரையும் வாங்கிக் கதவில் மாட்டிவிட்டு, "மாமா, படியிறங்கினீங்க, போலீஸக் கூப்பிட்டுடுவேன்!" என்று மிரட்டுகிறாள்.

அது போகட்டும். நேற்று மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா ஊத்துனாத்தான் மாமனார் டீயே குடிக்கிறாரு. அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமா பத்து தடவ!"

அரைக் கிண்ணமா! இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் என்று கெஞ்சத்தானே நாம் பாதி ஊற்றுவோம்? அந்த ஆளுக்கு விளிம்புவரை ஊற்று. புரிந்துகொண்டு எழுந்து போகட்டும். அவர் வீடுதான், அதனாலென்ன? மலைக்குப் போகட்டும். என் வயிற்றெரிச்சலில் இங்கே பனிமலையெல்லாம் உருகித் தெருவில் படகு விடுகிறார்கள்.

நான் நலம். இருமல் என்று நூர்ஜமால் சொன்னால் நம்பாதே.

தினமும் மேசையில் உனக்கும் ஒரு கிண்ணம் வைக்கிறேன். பாதிதான் ஊற்றுகிறேன். அது அப்படியே ஆறிப்போகிறது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மாவு லாரிக்கு மட்டும் சாலையைத் திறக்கிறார்கள்; திரும்பி வரும்போது முன் இருக்கை காலியாம்.

இப்படிக்கு,
உன் அரைக் கிண்ணத்துக்கு ஏகபோக உரிமைக்காரன்