தொட்டிக்குப் போகும் வழி

இல்லை அக்கா, குழாய் உடையவில்லை. நேற்றுத் திருகியபோது காற்று இருமியது. பிறகு கொஞ்சம் சேறு. அழுகிய இலையின் வாசனை. நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

இந்த வாசனை உங்கள் சேலையில் இருந்தது. ஞாயிறு மதியம் காட்டிலிருந்து இறங்கி வருவீர்கள், முழங்கால்வரை நனைந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்புடன். குளித்துவிட்டு வருகிறீர்கள் என்று நினைத்தேன். படித்தவள் நினைத்தது அது.

இரத்தோட்டைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆறு லயத்து வீடுகளுக்கும் குழாய் வந்த வருடம் அது. எல்லாம் சரியா என்று பார்த்து எழுத, குழாய் போட்ட திட்டக்காரர்கள் என்னை அனுப்பியிருந்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று கேட்டீர்கள்.

"கொழாய எண்ணிட்டீங்க மிஸ். மேல தொட்டிய யாரு கழுவுறது?"

"மலைத் தண்ணி தானா வருதுதானே அக்கா?"

"தண்ணி தானா வரும். எலையும் மண்ணும் தானா போகுமா?"

தோட்டத்தில் ஆள் கேட்கலாமே என்றேன். பக்கத்தில் நின்ற உங்கள் கொழுந்தியா சிரித்தார். "தொட்டி கழுவப் பேரு கேட்டா, மூஞ்சி கழுவவும் பேரு கேப்பியாடின்னு சொல்லுவாரு கங்காணி."

தோட்டத்துப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். நீங்களும் சிரித்தீர்கள். நானும். பிறகு என் தாளில், பராமரிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: ஆள் தேவையில்லை. கீழே கையெழுத்து.

பின்னொரு நாள் நீங்கள் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் ஆள் கேட்டபோது, அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினாராம். உங்கள் கணவர் நேற்றுச் சொன்னார். நீங்கள் சொல்லவேயில்லை.

நேற்றுப் பெண்கள் ஓடையில் வாளியை முக்கிக்கொண்டிருந்தார்கள். மாடு இறங்கும் ஓடை. கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தொட்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். உங்கள் கணவருக்கும் தெரியவில்லை.

"அவ இருக்கையில எங்களுக்கு எதுக்கு மிஸ் வழி தெரியணும்?" என்றார் கொழுந்தியா. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு லயத்தின் தண்ணீருக்கு விலை, வாரத்தில் உங்கள் ஒரு நாள் ஓய்வு. அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

"ஆள் வேணாம்னு எழுதினது நான்தான்" என்றேன்.

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கொழுந்தியா மட்டும் என் கால்களைப் பார்த்தார். "செருப்பக் கழட்டுங்க. வழுக்கும்."

லயத்துக்கு ஒருவராக ஆறு பேர், கூட நான். ஓடையைப் பிடித்து ஏறினோம். தொட்டியின் மூடியை மூன்று பேர் சேர்ந்து நகர்த்தினோம். நீங்கள் தனியாக எப்படி நகர்த்தினீர்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முழங்காலளவு இலையும் சேறும். அள்ளினோம். என் நகக்கண்களில் இன்னும் இருக்கிறது.

இன்று காலை தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். நான் எழுதியது தவறு, தொட்டிக்கு வாரம் ஒரு பேர் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். துரைக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு வரலாம் என்றார்கள். வெளியே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன்.